விசா வரும்வரை கணக்கு சார்

சத்துணவுக் கூடத்தில் பெரிய அண்டாவில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் ஈர விறகு. புகை கூரைவரை போய்விட்டு, வெளியேற வழியில்லாமல் திரும்பி என் தலைமேலேயே இறங்கியது. அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு முருங்கைக்காய்க் கட்டை நகர்த்தி வைத்துவிட்டு, குட்டை முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் சாக்பீஸ்.

"இருமல் வந்தா வாயப் பொத்திக்கிடுங்க சார்," என்றார் சமையல் செய்யும் செல்லக்கனி அக்கா. "அந்தப் பக்கம் எட்டாங் கிளாஸ்லா."

எட்டாம் வகுப்புக்கும் சமையலுக்கும் நடுவில் இருந்தது முழுச்சுவர் இல்லை. மேலே காற்றுக்காகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தார்கள். அதன் வழியாகச் சோற்று வாசனை அங்கே போகும். அங்கே பேசுவது இங்கே வரும். வழக்கமாக அந்த நேரத்தில் அந்த வகுப்பில் கேட்பது என் குரலாகத்தான் இருக்கும். அன்று கேட்டது எனக்குப் பழக்கமில்லாத ஒரு கனத்த குரல்.

"எட்டாம் வகுப்புக்குக் கணக்கு யார் எடுக்கிறாங்க?"

கேட்டவர், பள்ளியைப் பார்வையிட வந்திருந்த கல்வி அதிகாரி. அவர் கண்ணில் படாமல் இருப்பதற்காகத்தான் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். ஏனென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தின் எந்தக் காகிதத்திலும் நான் இல்லை.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விசாவும் ஒரு சந்தேகமும்

காக்கா சவூதியில் தம்மாமுக்குப் போன கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பறவைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று கல்லூரியில் பலருக்கு விளக்கிச் சலித்திருக்கிறேன்.

காக்கா அங்கே காலூன்றியதும் செய்த முதல் காரியம், எனக்கு ஒரு விசாவுக்குச் சொல்லி வைத்தது. கட்டுமானக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். சிமெண்டு மூட்டையை எண்ண அது போதும் என்று காக்கா சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார்.

விசா உடனே வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இப்படித்தான் காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கென்றே ஒரு நடை இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கேயும் போய்ச் சேராமல் நடப்பது. எனக்கு அந்த நடை வரவில்லை.

எனக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. கல்லூரியில் பரீட்சைக்கு முன்னால் நான்கைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கணக்கைச் சொல்லித் தருவேன். "நீ வாத்தியாராப் போயிரலாம்லே," என்பார்கள். பி.எட். படிக்கலாமா என்ற யோசனை அங்கிருந்துதான் வந்தது. ஆனால் நான்கைந்து நண்பர்கள் வேறு, ஒரு வகுப்பறை வேறு. கூட்டத்தின் முன் நின்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் படித்து முடித்த பிறகு, இந்த வேலை நமக்கு ஆகாது என்று தெரிந்தால் என்ன செய்வது?

அதனால் முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாப்பா தையற்கடை வைத்திருந்தார். தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "விசா வார வரைக்கும் சும்மாத்தான இருக்க. போயிட்டு வா. ஆனா விசா வந்துட்டா கெளம்பிரணும்."

"சரி வாப்பா," என்றேன்.

பெயர் கிடையாது

கல்லூரி நண்பன் ஒருவனின் மாமா சண்முகவேல் சார். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். சீவலப்பேரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் போய், நடுவழியில் இறங்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த இடம் காலி. புது ஆளைப் போட அனுமதி வரவில்லை. எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமே நடக்காமல் இருந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சம்பளம் கெடையாது வே," என்றார்.

"வேண்டாம் சார்."

"பேரும் கெடையாது. சொவத்துல ஒட்டியிருக்கிற அட்டவணையில கணக்குன்னா கிரேஸ் டீச்சர் பேருதான் இருக்கும். அவங்க தமிழ் டீச்சர். நீரு பைய வந்து பாடத்த எடுத்துட்டு பைய போயிரணும். சம்மதமா?"

"சம்மதம் சார். வாத்தியார் வேலை எனக்கு ஒத்து வருமான்னு பாக்கத்தான் வாரேன்."

அவர் சிரித்தார். "எல்லாரும் வேலையில சேந்த பொறவுதான் அதப் பாப்பாங்க. நீரு முன்னாலயே பாக்கப் போறீரு."

முதுகு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையைப் பார்த்துத் திரும்புவார். மணி அடிக்கும்வரை எங்கள் பக்கம் திரும்ப மாட்டார். எழுதுவார், எழுதியதைப் பலகைக்கே விளக்குவார், அழிப்பார். ஒரு கணக்கும் தப்பாக இருக்காது. அந்த வருடம் முழுக்க எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தது அவருடைய முதுகு. சட்டையில் வியர்வை எந்த இடத்தில் தொடங்கி எப்படிப் பரவும் என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கணக்குகள் ஞாபகம் இல்லை.

எட்டாம் வகுப்பில் முதல் நாள் நான் என்ன செய்தேன் என்றால், பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவரைப் பின்பற்றவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பலகை பாதுகாப்பாக இருந்தது. எழுதிக்கொண்டே போனேன். நடுநடுவே, "புரியுதா?" என்று பலகையிடம் கேட்டேன்.

"புரியுது சார்!" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருந்தது. நம்மால் முடியும்போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

இப்படியே சில நாட்கள் ஓடின. ஒரு நாள் "புரியுது சார்" அடங்கியதும் ஒரு தனிக் குரல் வந்தது.

"புரியல சார்."

திரும்பினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். எண்ணெய் படிய வாரிய தலை, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட பாவாடை. பெயர் இசக்கியம்மாள்.

"எது புரியல?"

"எதுவுமே புரியல சார். நீங்க போர்டை மறைச்சிக்கிட்டு நிக்கிய." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவுங்களுக்கும் புரியல. சும்மா புரியுதுங்காங்க," என்றாள்.

வகுப்பு சிரித்தது. "ஏட்டி, உக்காருட்டி," என்று பக்கத்தில் இருந்தவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இசக்கி உட்காரவில்லை. அவள் முகத்தில் கேலியோ துடுக்கோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

அவளைப் பற்றி ஆசிரியர் அறையில் பிறகு விசாரித்தேன். கிரேஸ் டீச்சர் கையை விரித்தார். "அது அப்படித்தான் தம்பி. மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னு கெடையாது. யார்ட்ட எதச் சொல்லணும்னு தெரியாது."

ஆற்றைப் பார்த்து நின்றால்

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது. "புரியுதா?" என்று வகுப்பைக் கேட்பதை விட்டேன். இசக்கியின் முகத்தைப் பார்த்தால் போதும். அவளுக்குப் புரிந்தால் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டால் சொல்லிவிடுவாள். ஒரு அளவுகோலைப்போல அவளைப் பயன்படுத்திக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாசம் என்றெல்லாம் அப்போது ஒன்றும் இல்லை.

கழித்தல் குறி இரண்டு சேர்ந்தால் கூட்டல் ஆகும் என்ற பாடம் வந்தது. நான் படித்தபோது அதை அப்படியே சொன்னார்கள், அப்படியே எழுதினோம். நானும் அப்படியே சொன்னேன்.

"ஏன் சார்?" என்றாள் இசக்கி.

பட்டதாரியாகிய எனக்கு ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாதை ஆற்றை ஒட்டியே போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது படித்துறையில் ஒருவர் குளித்துவிட்டு, ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டபடியே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பைப் பள்ளிக்கூட வராந்தாப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். இசக்கியை நடுப்படியில் நிறுத்தினேன்.

"கீழ ஆறு இருக்குன்னு வையி. ஆத்தப் பாத்து நிக்கது மைனஸ். மேல பாத்து நிக்கது பிளஸ். முன்னால நடந்தா பிளஸ், பின்னால நடந்தா மைனஸ். இப்ப ஆத்தப் பாத்து நின்னு பின்னால நட."

அவள் பின்னால் காலை வைத்து ஒரு படி ஏறினாள். இன்னொரு படி.

"எங்க போற?"

"மேல போறேன் சார்." பிறகு சொன்னாள்: "நெசப் படித்துறைன்னா வழுக்கி விட்டுரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் அங்கேயே நின்று, கீழே பார்த்து, மேலே திரும்பிப் பார்த்து, "ஆமா என்ன!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வகுப்பில் ஒவ்வொருவரும் அந்தப் படிக்கட்டில் பின்னால் நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மணி அடித்தும் போகவில்லை. ஒரு பையன் உண்மையிலேயே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது விசாவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பதை, மேலப்பாளையம் வந்து இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.

அதிகாரி வந்த நாள்

பார்வையிட அதிகாரி வருகிறார் என்ற செய்தி முதல் நாளே வந்துவிட்டது. நான் பஸ் ஏறிப் போன பிறகு சண்முகவேல் சார் எட்டாம் வகுப்புக்கு வந்து சொன்னார். "நாளைக்கு யாராவது கேட்டா கணக்கு எடுக்கது கிரேஸ் டீச்சர்னு சொல்லணும். என்ன?"

"சரி சார்!" என்றது வகுப்பு.

என்னை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மறந்துவிட்டார். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வாசலுக்கு வந்தபோது அதிகாரியின் ஜீப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. "ஏ தம்பி, அங்கன சமையல்ல போய் இரும், ஓடும்," என்று தலைமையாசிரியர் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். எட்டாம் வகுப்பு ஜன்னலில் சில தலைகள் எட்டிப் பார்த்தன. அப்படித்தான் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

"கணக்கு யார் எடுக்கிறாங்க?" என்று அதிகாரி கேட்டதும் சொல்லி வைத்தபடி பதில் வந்தது. "கிரேஸ் டீச்சர் சார்!"

கிரேஸ் டீச்சர் ஏதோ மெல்லச் சொன்னார். நாற்காலி இழுபடும் சத்தம். அதிகாரி உட்கார்ந்திருக்க வேண்டும். "நீ எந்திரிம்மா," என்றார் யாரையோ. "டீச்சர் எப்படி எடுப்பாங்க?"

"தமிழ் நல்லா எடுப்பாங்க சார்."

குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. இசக்கி.

"நான் கணக்கக் கேட்டேன்."

"கணக்கு எங்க சார் எடுப்பாங்க சார்."

"எந்த சார்?"

"கணக்கு சார்."

"அவர் இப்போ எங்கே?"

அண்டாவில் சோறு கொதித்தது. செல்லக்கனி அக்கா கரண்டியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.

"சத்துணவுல இருக்காங்க சார்."

யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்து நிறுத்தினான். உடனே கிரேஸ் டீச்சரின் குரல் உயர்ந்தது. "சார், இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் புத்தி செரியில்ல சார். லூசு மாதிரி என்னமாவது ஒளறும். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"அப்படியா?" அதிகாரி வகுப்பைக் கேட்டார். "இவளுக்குப் புத்தி சரியில்லையா?"

"ஆமா சார்!" என்றது மொத்த வகுப்பும், ஒரே குரலில்.

எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் அது. "புரியுது சார்" என்று என் முதுகுக்குச் சொன்ன அதே குரல்.

நான் எழுந்தேன். "சார், எங்க போறிய? இருங்க," என்று செல்லக்கனி அக்கா சொன்னது கேட்டது. இதைத் துணிச்சல் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருக்கும், யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. கால் அங்கே போய்விட்டது.

வாசலில் நின்றேன். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நான்தான் சார் கணக்கு எடுக்கேன்," என்றேன்.

அதிகாரி தடித்த மனிதர். வியர்வைக்குக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகியிருந்தார். என் சட்டையில் அப்பியிருந்த கரியைப் பார்த்தார். கிரேஸ் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார். பின்னால் ஓடி வந்த சண்முகவேல் சார், கையில் இளநீருடன் அப்படியே நின்றுவிட்டார்.

"எடுங்க, பார்ப்போம்," என்றார் அதிகாரி.

வயலும் வரப்பும்

ஏ பிளஸ் பி, அதன் வர்க்கம். அன்றைய பாடம் அது. உள்ளங்கை வியர்த்ததில் சாக்பீஸ் ஈரமாகிப் பலகையில் எழுதவில்லை. இன்னொன்றை எடுத்தேன்.

"இதுக்கு விடை என்ன?"

"ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்," என்றான் முதல் வரிசைப் பையன். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற தப்பு அது.

பலகையில் ஒரு பெரிய சதுரம் வரைந்தேன். "இது ஒரு வயல். ஏ அளவு தள்ளி நீளவாக்குல ஒரு வரப்பு, அதே அளவு தள்ளி குறுக்க ஒரு வரப்பு. மிச்சம் ரெண்டு பக்கமும் பி. இப்ப எத்தன துண்டு?"

"நாலு சார்."

"நீ சொன்ன ரெண்டு துண்டும் எது எது?"

அவன் எழுந்து வந்து இரண்டு சதுரங்களைத் தொட்டுக் காட்டினான். பிறகு மிச்சம் இருந்த இரண்டு நீளத் துண்டுகளையும் பார்த்தான். "இது யாருக்கு சார்?" என்றான். அங்கே பாதிப் பிள்ளைகளின் வீட்டில் வயல் வேலைதான். வயலில் இரண்டு துண்டை யாரும் சும்மா விட்டுவிட மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். "அதையும் சேக்கணும் சார்", "ரெண்டும் ஒரே அளவு சார்", "நீளம் ஏ, அகலம் பி" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நான் எதையும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். விடை பலகையில் தானாக வந்து நின்றது.

இசக்கி மட்டும் வாய் திறக்கவில்லை. உட்கார்ந்து, குனிந்து, பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கேட்கவில்லை. அன்று அவளை விட்டுவிடுவதுதான் நல்லது என்று பட்டது.

நாற்காலி கிரீச்சிட்டது. அதிகாரி எழுந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அவர் அங்கே இருந்தது எனக்கு நினைவு வந்தது. நடுவில் எப்போதோ அவரை மறந்து போயிருந்தேன். கைகளைப் பார்த்தேன். உலர்ந்திருந்தன.

வராந்தாவில் வைத்து என்னிடம் கேட்டார். "பி.எட். முடிச்சாச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இங்கே?"

"வாத்தியார் வேலை எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன் சார்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்."

"நாளையிலேருந்து வரக் கூடாது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டு எழுதிவிட்டு, இளநீரைத் தொடாமல் ஜீப்பில் ஏறினார்.

தலைமையாசிரியரின் கேள்வி

சண்முகவேல் சார் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அறையில் உட்கார வைத்து, அந்த இளநீரை என்னிடம் கொடுத்தார்.

"நீரு வெளிய வந்திருக்க வேண்டாம்லா வே."

"அந்தப் பிள்ளைய லூசுன்னாங்க சார்."

"ஆமா, சொன்னாங்க. தப்புதான். பதட்டத்துல சொல்லிட்டாங்க. அவரும் கேட்டுட்டு, எழுதிட்டு, போயிருப்பாரு. நாளைக்கு எல்லாரும் மறந்திருப்பாங்க. இப்ப என்ன ஆச்சு? ஒரு கிளாஸுக்கே கணக்கு இல்லாமப் போச்சு. ரெண்டுல எது பெருசு? நீரு படிச்ச ஆளு, சொல்லும்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் விதியை மீறியது தனக்காக இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டும் என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு அவருக்குக் கிடைத்தது மேலிடத்துக் கண்டனம். பிறகு பல வருடங்கள் நானே ஆசிரியர் அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் அதே இடத்தில் மறுபடி உட்கார வைத்தாலும் எழுந்துதான் போயிருப்பேன்.

கிரேஸ் டீச்சர் வாசல்வரை வந்தார். "வாய்ல வந்திருச்சி தம்பி," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "என்கிட்ட சொல்லாதீங்க டீச்சர், அவகிட்ட சொல்லுங்க," என்றேன். சரியென்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் முறையாகச் சொல்லிக்கொண்டு வரலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். திரும்புகையில் பஸ் நிறுத்தத்தில் இசக்கியைப் பார்த்தேன். நடவுக்குப் போயிருந்த அம்மாவை எதிர்பார்த்து, தலையில் புல்லுக்கட்டோடு நின்றாள்.

"நான் சொன்னதாலயா சார் வராம இருக்கிய?"

"இல்ல. நான் வெளிய வந்ததால."

"நீங்க ஏன் வந்திய?"

"உன்ன லூசுன்னு சொன்னாங்கல்லா."

அவள் புல்லுக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அது எப்பவும் சொல்லுவாங்க சார். அதுக்கா வந்திய?"

"டீச்சர் ஒண்ணும் சொல்லலியா?"

"முத பெஞ்சில ஒக்கார வச்சிருக்காங்க." அது தண்டனையா வேறெதுவுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது.

அந்தக் காலியிடத்துக்குப் பிறகு ஆள் போட்டார்கள். அதிகாரியின் அறிக்கையில் அதைப் பற்றியும் ஒரு வரி இருந்ததாகச் சண்முகவேல் சார் சொன்னார். ஆனால் ஆள் வந்து சேர்ந்தபோது அந்த எட்டாம் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் கலைந்து போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை போன்

கோடைத் தொடக்கத்தில், எட்டாம் வகுப்பு முடியும் முன்பே விசா வந்தது. பி.எட். விண்ணப்பம் அலமாரியில் இருந்தது. வாப்பாவிடம் போய் நின்றேன். இந்த முறை அவர் மிஷினை நிறுத்தினார்.

"வாத்தியார் வேலை எனக்கு ஒத்து வருது வாப்பா."

"வெரட்டி விட்டுட்டாங்கன்னுல்லா சொன்ன?"

"ஆமா. ஆனா ஒத்து வருது."

அவர் ஊசியில் நூலைக் கோத்தார். "காக்காட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அவன் என்னயத்தான் ஏசுவான்," என்றார்.

காக்கா வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசுவார். எப்போதும் அவசரம். உம்மா நலமா, வாப்பா நலமா, வைக்கேன். அன்று நான் முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். விசா வேண்டாம் என்று மட்டும் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சமையற்கூடம், அதிகாரி, அந்தப் பெண் என்று எல்லாம் வந்துவிட்டது. நடுவில் அவர் குறுக்கே பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை "ஹலோ" என்றேன். "சொல்லு, கேக்கேன்," என்றார்.

முடித்தேன். அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்காக யார் யாரிடமோ நடந்து, கெஞ்சி, காத்து நின்று வாங்கிய விசா. ஏசினால் கேட்டுக்கொள்வது என்று தயாராக இருந்தேன்.

"இப்ப அந்தப் பிள்ளைக்கு யாரு கணக்கு எடுக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல காக்கா."

"சரி. விசாவ மாமா மவனுக்கு மாத்த முடியுமான்னு பாக்கேன்," என்றார். "நீ சீக்கிரம் படிச்சு முடி."